ரைவல் ஸ்கூல்ஸை ஏன் யாரும் பேசுவதில்லை?

2025 மே மாதம் ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனமான கேப்காம் தன் பழைய சண்டை விளையாட்டுகள் எட்டைச் சேர்த்து இரண்டாம் தொகுப்பு என்று வெளியிட்டது. வந்த வாரத்தில் என் நண்பர்கள் வட்டம் முழுக்க ஒரே பேச்சு: கேப்காம் வெர்சஸ் எஸ்என்கே 2, இல்லையென்றால் பவர் ஸ்டோன். அதே தொகுப்பில் ஓர் ஓரமாக, ரைவல் ஸ்கூல்ஸின் அடுத்த பாகமான ப்ராஜெக்ட் ஜஸ்டிஸ் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. சரி, நானே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். எம்ஆர்டி ரயிலில் போகிறவர்கள் படியுங்கள்.

ப்ராஜெக்ட் ஜஸ்டிஸுக்கு முன்னால் வந்தது ரைவல் ஸ்கூல்ஸ். 1997இல் காசு போட்டு ஆடும் ஆர்கேடுக்கு, 1998இல் ப்ளேஸ்டேஷனுக்கு. இயக்கியவர் ஹிதேயாகி இட்சுனோ. பிறகு டெவில் மே க்ரை வரிசையை எடுத்து நிறுத்திய அதே ஆள். ஒரே ஊரில் பல பள்ளிகள். திடீரென்று மாணவர்களும் ஆசிரியர்களும் தாக்கப்படுகிறார்கள், கடத்தப்படுகிறார்கள். யார் வேலை இது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஒரு குழு சீருடையோடு கிளம்புகிறது. போலீசை யாரும் கூப்பிடுவதில்லை. அனிமே பள்ளிக்கூடங்களில் அதெல்லாம் வழக்கம்தான்.

கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். நாயகன் பாட்சு காணாமல்போன அம்மாவைத் தேடுகிறான். சந்தேகத்துக்குரிய பள்ளியின் முதல்வர் ரைசோதான் அவனுடைய அப்பா. அவரை ஆட்டிவைக்கிற வில்லன் ஹியோ முறைப்படி பாட்சுவுக்கு உறவுக்காரன். பாட்சுவோடு கூடவே சுற்றும் கண்ணாடிக்காரன் கியோஸ்கே யார் என்று பார்த்தால், வில்லனின் இரட்டைப் பிறவி. தீபாவளிக்கு வெளியாகும் குடும்பப் படத்தில்கூட இவ்வளவு சொந்தபந்தம் வெளிவராது. இதையெல்லாம் துளி வெட்கமில்லாமல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறார்கள். எனக்குப் பிடித்ததே அந்தத் துணிச்சல்தான்.

ஆனால் இந்த விளையாட்டின் உயிர் கதையில் இல்லை, கூட்டாளியில் இருக்கிறது.

இரண்டு பேரைத் தேர்ந்தெடுப்போம். களத்தில் ஒருவர்தான் நிற்பார். அடித்தாலும் அடி வாங்கினாலும் திரையின் கீழே உள்ள சக்தி அளவி ஏறிக்கொண்டே போகும், ஒன்பது நிலை வரைக்கும். அதில் இரண்டைச் செலவழித்து, குத்துக்கு ஒரு பொத்தானும் உதைக்கு ஒரு பொத்தானும் சேர்த்து அழுத்தினால், வெளியே நிற்கும் கூட்டாளி ஓடி வருவார். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வார்கள். அப்புறம் சேர்ந்து வெளுப்பார்கள். என்ன நடக்கும் என்பது வருகிற கூட்டாளியைப் பொறுத்தது. இங்கேதான் குசும்பே. தாதி கியோகோவைக் கூப்பிட்டால் அவர் எதிரியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நம் ஆளைப் பிடித்து, முதுகெலும்பை நெட்டி முறித்து, உடம்பைச் சரிசெய்து அனுப்பிவிட்டுப் போய்விடுவார். தோற்கப்போகிற ஆட்டத்தில் அவர் ஓடி வரும்போது, ஓய்வு நேரத்துக்குப் பள்ளி மணி அடித்ததுபோல் இருக்கும்.

பின்னாளில் எத்தனையோ விளையாட்டுகளில் துணைக்கு ஆள் வந்துவிட்டார்கள். பெரும்பாலும் அவர்கள் ஒரு கூடுதல் ஆயுதம், அவ்வளவுதான். இதில் வருகிறவர் வகுப்புத் தோழன், அல்லது விளையாட்டுக் குழுவில் கூட ஆடுகிறவள். அந்த வித்தியாசம் விரலுக்கே தெரியும்.

கோரின் உயர்நிலைப் பள்ளி எனக்குத் தனிப் பாசம். அது விளையாட்டு வீரர்களின் பள்ளி. ஷோமா பேஸ்பால் மட்டையோடு வருவான், ரொபர்ட்டோ கோல்கீப்பர், நட்சு கைப்பந்து வீராங்கனை. நட்சுவின் தாக்குதல் என்ன தெரியுமா? பந்தைத் தூக்கிப் போட்டு ஓங்கி ஸ்பைக் அடிப்பது. நான் உயர்நிலைப் பள்ளியில் வலைப்பந்து ஆடினவள். பள்ளியின் இணைப்பாட நடவடிக்கையான சிசிஏவை அப்போது இசிஏ என்பார்கள். பயிற்சி முடிந்து, முழங்காலில் மண்ணோடு வீட்டுக்கு வந்து, நட்சுவைத் தேர்ந்தெடுத்து அந்தப் பந்தை எவன் முகத்திலாவது அடிக்கிற சுகத்தை வேறு எந்த விளையாட்டும் எனக்குத் தந்ததில்லை. மற்ற சண்டை விளையாட்டுகளில் பெண் பாத்திரம் என்றால் நிஞ்ஜாவாக இருப்பாள், இல்லையென்றால் இளவரசியாக இருப்பாள். வியர்வையும் பந்துமாக நிற்கிற பெண்ணை முதன்முதலில் இங்கேதான் பார்த்தேன். அண்ணனுக்கு வேறு கட்சி. அவனுக்கு கெடோ பள்ளி ரவுடிகள்தான் வேண்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

ப்ளேஸ்டேஷனுக்கு இது இரண்டு வட்டுகளாக வந்தது. இரண்டாம் வட்டின் ஜப்பானியப் பதிப்பில் ஒரு பள்ளி வாழ்க்கைப் பகுதி உண்டு, பெயரே நாட்குறிப்பு என்றுதான் வரும். நீங்களே ஒரு மாணவரை உருவாக்கி, பள்ளியைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்துவிட வேண்டும். நாள் ஓடும். வகுப்பில், நடைக்கூடத்தில் ஆட்களைச் சந்தித்துப் பேச வேண்டும். பேசிப் பழகினால் அவர்களுடைய அடிகளை நீங்கள் கற்றுக்கொள்ளலாம். அந்த மாணவரைப் பிறகு சண்டைக்கும் கொண்டுபோகலாம். யோசித்துப் பாருங்கள், ஒரு சண்டை விளையாட்டில் புது அடி கற்க வழி சிநேகம் பிடிப்பது! மேற்கத்தியப் பதிப்புக்கு இதை மொழிபெயர்க்கப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். சின்னச் சின்ன விளையாட்டுகள் மட்டும் அந்த வட்டில் மிஞ்சின. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாங்கியவர்கள் கையில் கிடைத்தது பாதி விளையாட்டு. அந்தப் பாதியை வைத்துத்தான் விமர்சனமும் எழுதினார்கள்.

நமக்கு அந்தப் பிரச்சினை இல்லை. சிங்கப்பூர் ப்ளேஸ்டேஷன்கள் ஜப்பானிய வட்டார வகை, கடைகளில் ஜப்பானிய வட்டுகள் தாராளமாகக் கிடைத்தன. (அசலா நகலா என்று யாரும் கேட்காதீர்கள். அது 90கள்.) முழு விளையாட்டும் கையில் இருந்தது, படிக்கத்தான் தெரியவில்லை. எதிர்வீட்டுச் சீனத் தோழிதான் கைகொடுத்தாள். ஜப்பானிய எழுத்தில் சீன எழுத்துகள் கலந்து வரும் இல்லையா, அவளுடைய தாய்மொழி வகுப்பின் புண்ணியத்தில் அங்கொன்று இங்கொன்று பிடிப்பாள். "இங்க ஸ்கூல் இருக்கு. இது வீடு. இது தம்பி." இடையில் இருந்த வளைந்து நெளிந்த எழுத்துகள் அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பள்ளி, வீடு, தம்பி என்ற மூன்றை வைத்து நாங்களே ஒரு கதை கட்டி, பதிலைக் குத்துமதிப்பாக அழுத்துவோம். திரையில் இருக்கிற பெண் சிரித்தால் வெற்றி. முகத்தைத் திருப்பிக்கொண்டால் ரீசெட். அப்படியே தரையில் உட்கார்ந்து, ஒரு பள்ளி ஆண்டையே ஓட்டிவிட்டோம். அந்தப் பகுதியை ஒழுங்காகப் புரிந்துகொண்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேற்கத்திய விமர்சகர்கள் பார்க்காத ஒன்றைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: ரைவல் ஸ்கூல்ஸ் என்பது அந்த நாட்குறிப்புதான். சண்டை அதற்கு வைத்த வாசல்.

வெட்டியது போதாதென்று நேரமும் சரியில்லை. ப்ளேஸ்டேஷனுக்கு வந்த அதே 1998இல் டெக்கன் 3 என்ற இன்னொரு சண்டை விளையாட்டும் வந்து நின்றது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ரைவல் ஸ்கூல்ஸ் உருவங்கள் அட்டையை வெட்டி ஒட்டியதுபோல் தெரியும். 1999இல் வந்த நாட்குறிப்பின் இரண்டாம் பாகம் ஜப்பானைத் தாண்டவே இல்லை. ப்ராஜெக்ட் ஜஸ்டிஸ் 2000இல் ஆர்கேடுக்கும் செகாவின் ட்ரீம்காஸ்ட் கருவிக்கும் வந்தது. மேற்கே போய்ச் சேர்ந்தது 2001இல். அந்த ஜனவரியிலேயே செகா ட்ரீம்காஸ்ட்டை நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. இறங்கும்போதே கடையை மூடிக்கொண்டிருந்தார்கள்.

குறை இல்லையா என்றால், நிறைய உண்டு. போட்டிக்கு ஆடுகிறவர்களுக்கு இது சரிப்படாது. சிலர் பலசாலிகள், சிலரைத் தொட்டாலே விழுவார்கள். மேலே தூக்கியடித்து ஆகாயத்திலேயே தொடர்ந்து வெளுக்கும் கோம்போ ரொம்ப எளிது. முதல் நாளிலேயே ராஜா மாதிரி உணரலாம், அதற்கப்புறம் ஏற அவ்வளவாகப் படிகள் இல்லை. அமெரிக்க மாணவர்கள் மூவரும் ஜப்பானியர் கற்பனையில் வந்த அமெரிக்கர்கள், பார்த்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

தொகுப்பு வந்ததும் வாங்கி, அக்கா மகன் வீட்டுக்கு வந்தபோது ப்ராஜெக்ட் ஜஸ்டிஸைப் போட்டேன். உயர்நிலை இரண்டில் இருக்கிறான். ஆசிரியர் ஹிதேயோ திரையில் வந்து ஒரு மாணவனை அடித்து வீழ்த்தியதும் விளையாட்டையே நிறுத்திவிட்டான். "சித்தி, இவர் டீச்சர்தானே? பேரண்ட்ஸ் கம்ப்ளெயின் பண்ண மாட்டாங்களா?" எங்கள் காலத்து ஒழுங்கு ஆசிரியரின் பிரம்பைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்துவிட்டு, வேண்டாமென்று விட்டுவிட்டேன். பூப்பந்து ஆடுகிறவன், அதனால் டென்னிஸ் மட்டையோடு வரும் மோமோவைப் பிடித்துக்கொண்டான். இந்தப் பாகத்தில் குழுவுக்கு மூன்று பேர். ஒருவர் கூட்டாளியைக் கூப்பிட்டால் எதிர் அணி ஆளும் குறுக்கே பாய்ந்து தடுக்கலாம். அவன் என்னுடையதைத் தடுத்த விதத்தைப் பார்த்தால் அந்த ரத்தத்தில் என் அண்ணன் இருக்கிறான்.

2021இல் ரைவல் ஸ்கூல்ஸின் அகிரா கேப்காமின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5க்குள் வந்தபோது சந்தோஷப்பட்டேன். அண்ணனைத் தேடி, தலைக்கவசத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு ஆண்கள் பள்ளிக்குள் புகுந்த பெண் அவள். அங்கேயும் அண்ணன் டைகோ உதவிக்கு வருகிறான், அந்த மரியாதையைச் செய்தார்கள். ஆனால் இன்னொருவர் வீட்டில் விருந்தாளியாக இருப்பது எத்தனை நாளைக்கு? இட்சுனோவும் 2024இல் கேப்காமை விட்டுப் போய்விட்டார். புது பாகம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த முதல் நாட்குறிப்பை முழுசாக மொழிபெயர்த்து, ஒரு தொகுப்பில் போட்டுக் கொடுத்தால் போதும். அந்தப் பெண் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்பதையாவது தெரிந்துகொள்வேன்.

என் தமிழ்ப் பதிவு கேப்காம் காதில் விழப்போவதில்லை. உங்கள் காதில் விழுந்திருந்தால், தொகுப்பில் ஆன்லைன் ஆட்டம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை இரவுகளில் நானும் இருப்பேன். கோரின் பள்ளி எனக்கு. மற்றதில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். கெடோ எடுப்பவர்கள் கீழே பெயரைப் போட்டுவிட்டு வாருங்கள், தயாராக இருக்கிறேன்.