ஒரு சனி, ஞாயிறு போதுமாம்!

எலக்ட்ரிக் கிட்டாருக்கு நிறம் மாற்றுவது ஒரு சனி, ஞாயிறு வேலை என்று முதலில் சொன்ன புண்ணியவான் யாரென்று தெரிந்தால், அவர் கையில் ஒரு கட்டு உப்புத்தாளைத் திணித்து என் எதிரே உட்காரவைப்பேன். எனக்கு இது ஆறாவது வாரம். கிட்டாரின் உடல் இன்னமும் கம்பியில் தொங்குகிறது, உரித்த கோழிபோல.

பழைய கறுப்புக் கிட்டார். விளிம்பெல்லாம் சில்லுசில்லாகப் பெயர்ந்திருந்தது. முதுகில் இடுப்புவார்க் கொக்கி கீறிய கோடுகள். வெளிர்நீலம் அடித்தால் நன்றாக இருக்குமே என்று ஆசைப்பட்டேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

பெயிண்ட் நீக்கும் திரவத்தைத் தடவினால் தோலாக உரிந்து வரும் என்றார்கள். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்ற பழைய வகைப் பூச்சாக இருந்தால் வரும். என்னுடையது பாலியெஸ்டர் பூச்சு. அதைப் பெயிண்ட் என்று சொல்வதே தவறு, அது ஆமை ஓடு! அரை மணி நேரம் திரவத்தில் ஊறிய பிறகும் பளபளவென்று என்னைப் பார்த்துச் சிரித்தது. பிறகு சூடான காற்று ஊதும் கருவியும் பட்டிக் கத்தியும். சூடு குறைந்தால் ஓடு அசையாது. கொஞ்சம் கூடினால் மரம் கருகும். உடலின் மேல்பக்கம் கொம்புபோல் நீண்டிருக்கும் பகுதியின் வளைவுக்குள் எந்த இயந்திரமும் நுழையாது, விரலில் தாளைச் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். 80-ஆம் எண் தாள், பிறகு 120, பிறகு 220. இரண்டு நாள் தும்மினால்கூடத் தூசிதான் வந்தது.

அப்புறம் பட்டி, மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சீலர், நிறத்துக்கு அடிப்பூச்சான பிரைமர். ஒவ்வொன்றுக்கும் நடுவே மறுபடியும் உப்புத்தாள்.

ஃபெண்டர் நிறுவனம் ஒருகாலத்தில் கார் நிறங்களையே கிட்டாருக்கு அடித்தது. அதன் புகழ்பெற்ற லேக் பிளாசிட் நீலம் கேடிலாக் காரிலிருந்து வந்ததுதான். அவர்களிடம் தெளிப்பு அறை இருந்தது. என்னிடம் இருப்பது ஓர் அட்டைப்பெட்டி. லாக்கர் அடித்த அன்று காற்றில் ஈரம். நீலத்தின்மேல் பால் ஊற்றியதுபோல் வெள்ளை படர்ந்தது. அதைச் சரிசெய்து மீண்டும் அடித்தால், ஈரம் காயுமுன் ஒரு கொசு வந்து கிட்டாரின் நடு மார்பில் உட்கார்ந்தது. ஆறு கால்களும் தனித்தனியாகப் பதிந்திருந்தன. அதைத் தேய்த்து எடுக்கப்போய் விளிம்பில் கை அழுந்தி, நீலம், பிரைமர் எல்லாம் கடந்து பழுப்பு மரம் எட்டிப் பார்த்தது. மறுபடி முதலிலிருந்து!

(கழற்றிய வயர்களில், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் எது என்று குறித்துவைக்காதது என் தப்பு. அதற்கு வேறு யாரையும் திட்ட முடியவில்லை.)

இவ்வளவுக்கும் பிறகு நண்பர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "ஏன்யா, பழைய தேய்மானம்தானே அழகு?" என்கிறார். புதுக் கிட்டாரை வேண்டுமென்றே கீறித் தேய்த்துக் கூடுதல் விலைக்கு விற்கிறார்களாம். அந்தத் தேய்மானத்தை நான் இலவசமாகவே வைத்திருந்தேன். மூன்று நாள் மூச்சு முட்டச் சுரண்டி எறிந்ததும் நான்தான்.

கடைசிப் பூச்சு போட்டு இருபது நாள் ஆகிறது. வாடை முற்றிலும் போன பிறகுதான் மெருகேற்ற வேண்டும். இன்று காலையும் மூக்கை வைத்துப் பார்த்தேன். தின்னர் வாடை அப்படியே அடிக்கிறது. கொம்பின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை வேறு பதிந்திருக்கிறது. வீட்டில் யாரும் தொடவில்லையாம்.