வேலை சொல்லிக்கொடுத்தவனுக்கு ஆரம்பப் படியா?

இங்க சிங்கப்பூர்ல கான்ட்ராக்ட்ல இருந்து பெர்மனென்ட் ஆன நம்ம தம்பியைப் புது ஆள் சம்பளத்துல நிறுத்தினது அநியாயம்னு முந்தாநாள் போட்ட பதிவுக்கு வந்த கமெண்டெல்லாம் படிச்சேன். "பெர்மனென்ட் ஆக்கிட்டாங்க, யூனியன் கிரேடும் கிடைச்சிருச்சு, இன்னும் என்ன வேணுமாம்?" ரொம்ப சந்தோஷம்ங்க. விவரம் தெரியாதவங்களுக்காகத் திரும்பவும் சொல்றேன்.

எட்டு வருஷமா தம்பி இதே கம்பெனியில கான்ட்ராக்ட். அதே ஷிஃப்டு, அதே பம்ப் ரூம், அதே சூப்பர்வைசர். இப்ப கம்பெனியும் சங்கமும் போட்டுக்கிட்ட கூட்டு ஒப்பந்தத்துக்குள்ள வர்ற டெக்னீஷியன் கிரேடுக்கு மாத்தியிருக்காங்க. கடிதத்துல ரெண்டாவது பாராவைப் பாருங்க: அடிப்படைச் சம்பளம், கிரேடோட ஆரம்பப் படி, அதாவது அந்தச் சம்பள வரிசையோட அடிமட்டம். போன வருஷம் ஐடிஇ தொழிற்கல்விக் கழகத்துல படிச்சு முடிச்சு வந்து, தம்பிகிட்டயே வால்வு கழட்டக் கத்துக்கிட்ட பையன் ஒரு படி மேல நிக்கிறான். அவனுக்கு ஒரு இன்கிரிமெண்ட் விழுந்தாச்சே!

ஆரம்பப் படி வேலை தெரியாம உள்ள வர்றவனுக்கு. வேலை சொல்லிக்கொடுக்கிறவனுக்கு இல்ல.

ஒப்பந்தம் முடியிற வரைக்கும் கைவைக்க முடியாதுன்னு ஒருத்தர் பாடம் எடுக்கிறார். ரெண்டு மூணு வருஷத்துக்குப் போடுறது, தொழில் தகராறு தீர்க்கிற நடுவர் மன்றத்துல பதிவாகுறது எல்லாம் எனக்கும் தெரியும் சார். அதை மாத்தச் சொல்லி யாரு கேட்டா? எங்க ஒப்பந்தத்துல கிரேடுக்குக் கீழ்வரம்பு இருக்கு, மேல்வரம்பு இருக்கு. உள்ள வர்ற எல்லாரையும் கீழ்வரம்புலதான் நிறுத்தணும்னு ஒரு வரி கிடையாது.

இன்னொருத்தர் சட்டமே பேசுறார். சரி, பேசுவோம். 1968ல தொழில் உறவுச் சட்டத்தைத் திருத்தினதுல இருந்து ஆள் எடுக்கிறது, பதவி உயர்வு, இடமாற்றம் பத்தியெல்லாம் சங்கம் பேரம் பேச முடியாது. ஒத்துக்கிறேன். ஆனா தம்பியை எடுக்கலாமா வேணாமான்னா நாம கேட்டோம்? எடுத்தாச்சு. என்ன சம்பளம்னுதான் கேக்குறோம். அதையும் கேக்கக்கூடாதுன்னா சங்கம் எதுக்கு, தீபாவளிக்கு வவுச்சர் கொடுக்கவா?

ஒரு மாசத்துக்கு மேல இடைவெளி விடாம கான்ட்ராக்டைப் புதுப்பிச்சா, விடுப்புக்குப் பழைய சர்வீஸையும் சேர்த்துக்கணும்னு அரசாங்கம், முதலாளிங்க, சங்கம் மூணும் சேர்ந்து போட்ட முத்தரப்பு நெறிமுறையே சொல்லுது. விடுப்புக்குச் சேர்ற எட்டு வருஷம் சம்பளம்னு வந்ததும் எங்க போச்சு?

தம்பியை மேல் படியில நிறுத்தினா பழைய ஆளுங்க மனசு சங்கடப்படும்கிறாங்க. இருக்கலாம்.

"நூறு இருநூறு வெள்ளிக்கு (டாலருக்கு) இவ்வளவு சத்தமா?" ஆமாங்க. ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு போடுறது இந்த அடிப்படைச் சம்பளத்தை வச்சுதான். பதிமூணாவது மாசச் சம்பளமும் இதை வச்சுதான். இன்னிக்கு ஒரு படி குறைஞ்சா, ரிட்டையர் ஆகுற வரைக்கும் சிபிஎஃப்ல, அதான் ஓய்வுக்காலச் சேமிப்புல, குறையும்.

எங்கப்பா கப்பல் பட்டறையில தினக்கூலியா இருந்து மாசச் சம்பளத்துக்கு மாறினப்ப அவரையும் புதுசா வந்த பசங்களோடதான் நிறுத்தினாங்க. அப்ப சங்கக் கிளைச் செயலாளரா இருந்த சீனர் அப்பாவோட பழைய சம்பளச் சீட்டையெல்லாம் ரப்பர் பேண்டு போட்டு எடுத்துக்கிட்டு நேரா ஆபீஸுக்குள்ள போயிட்டார். அப்பாவுக்குத் தமிழும் சந்தையில பேசுற பாசார் மலாயும்தான், அவருக்கு ஹொக்கியன் சீனம். என்ன பேசினார்னு அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. அடுத்த மாசம் நாலு படி ஏறியிருந்துச்சு. இப்ப நம்ம கிளையில கேட்டா, "ஈமெயில் போடுங்க, பார்க்கலாம்."

எல்லாத்தையும் விடுங்க. "கொடுத்ததுக்கு நன்றியோட இருக்கணும்"னு ஒரு அக்கா எழுதியிருந்தாங்க பாருங்க, அதுதான் இன்னும் உறுத்துது. வருஷாந்திர டின்னர்ல கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு லக்கி டிரா சீட்டு கிடையாது. தம்பி எட்டு வருஷமும் வந்து கைதட்டிட்டுப் போனவன். இன்னும் எவ்வளவு நன்றி வேணும்க்கா உங்களுக்கு? அந்தக் கமெண்டுக்கு ஹார்ட் போட்டவங்கள்ல ரெண்டு பேர் கிளைக் கூட்டத்துல என் பக்கத்துல உக்கார்றவங்க. பேர் சொல்லல. பார்த்துட்டேன்னு மட்டும் தெரிஞ்சுக்கோங்க.

சனிக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவுல உக்காந்து தம்பிக்கு மேல்முறையீடு எழுதப்போறோம். இங்கிலீஷ்ல நறுக்குன்னு எழுதத் தெரிஞ்சவங்க வாங்க, டீ என் செலவு. அட்வைஸ் பண்ண வர்றவங்க டீக்காசு கொண்டு வந்துருங்க.