அந்த ரத்தம் சிந்திய ஆட்டம் இறுதிப் போட்டி அல்ல

1956 மெல்போர்ன் ஒலிம்பிக் வாட்டர் போலோ (நீச்சல் குளத்தில் ஆடும் பந்தாட்டம்) இறுதிப் போட்டியில் ஹங்கேரி சோவியத் யூனியனை வீழ்த்தித் தங்கம் வென்றது, குளமே ரத்தத்தால் சிவந்தது என்று ஒரு பதிவு சுற்றி வருகிறது. இது தவறு.

அந்த ஆட்டம் நடந்தது உண்மைதான். டிசம்பர் 6 அன்று ஹங்கேரி 4-0 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் சோவியத் வீரர் வாலென்டின் புரோகோபோவ், ஹங்கேரி வீரர் எர்வின் சாடோரின் முகத்தில் ஓங்கிக் குத்தினார். கண்ணோரம் கிழிந்து, கன்னத்தில் ரத்தம் வழிய சாடோர் கரையேறினார். பார்வையாளர்கள் கொதித்தெழுந்து குளத்தருகே இறங்க, ஆட்டம் அத்தோடு நிறுத்தப்பட்டது, வெற்றி ஹங்கேரிக்கே. ரத்தம் சிந்தியது நிஜம், குளமே சிவந்தது என்பது மட்டும் பின்னால் ஒட்டிக்கொண்ட மிகை.

ஆனால் தங்கம் அன்று முடிவாகவில்லை. கடைசிச் சுற்றில் அணிகள் ஒன்றோடொன்று மோதி, புள்ளிக் கணக்கில்தான் பதக்கம். அப்புறம் யூகோஸ்லாவியாவை 2-1 என்று வென்ற பிறகே ஹங்கேரிக்குத் தங்கம் கிடைத்தது. காயத்தால் சாடோர் அதில் ஆடவே இல்லை. சோவியத் அணிக்கு வெண்கலம், வெள்ளி யூகோஸ்லாவியாவுக்கு.

'ஆத்திரத்தில் கிடைத்த ஒரே வெற்றி' என்றும் அதே பதிவு சொல்கிறது. இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதே ஆண்டு ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்டில் எழுந்த மக்கள் எழுச்சியை சோவியத் படை நசுக்கிய கோபம் அந்த வீரர்களிடம் இருந்தது, சரி. ஆனால் 1932, 1936, 1952 என ஏற்கெனவே மூன்று தங்கம் வென்ற அணி அது. 1956க்குப் பிறகு 1964, 1976இலும், 2000, 2004, 2008இல் தொடர்ந்தும் வென்றதைச் சேர்த்தால் ஆண்கள் அணிக்கு மொத்தம் 9 ஒலிம்பிக் தங்கம்.