"பீச்சுக்குப் போங்க"ன்னு இனிமே யாரும் எங்கிட்ட சொல்லாதீங்க

கணுக்கால் வீங்கிக் கெடக்கு. ஐஸ் கட்டியைத் துண்டுல சுத்தி வச்சுக்கிட்டு உக்காந்துதான் இதை டைப் பண்றேன். வலியை விட ஆத்திரம்தான் அதிகமா இருக்கு.

இன்னைக்குக் காலையில 5 மணி சுமாருக்கு நடந்தது. புதுச்சேரி முதலியார்பேட்டையில எங்க தெரு மெயின் ரோட்டுல போய்ச் சேர்ற முனை. அங்க வாய்க்கா மேல போட்டிருக்கிற சிலாப் ஒண்ணு நாலு மாசமா உடைஞ்சு கெடக்கு. தினமும் அதைத் தாண்டித்தான் ஓடறேன், எனக்குத் தெரியாத குழி இல்ல. ஆனா ராத்திரி யாரோ காரைக் கொண்டாந்து பிளாட்பாரத்து மேல பாதி ஏத்தி நிறுத்திட்டுப் போயிருக்காங்க. ரோட்டுல இறங்கலாம்னா எதிர்ல பஸ் லைட்டைப் போட்டுக்கிட்டு வருது. காருக்கும் மதில் சுவத்துக்கும் நடுவுல ஒதுங்கினேன். வலது கால் முழங்கால் வரைக்கும் உள்ள போயிடுச்சு.

அந்தக் குழியை ஒரு தடவை கிட்டப் போய்ப் பாருங்க. சிலாப்போட ஒரு மூலை மட்டும் நொறுங்கி விழுந்திருக்கு. துருப்பிடிச்ச கம்பி ரெண்டு மேல வளைஞ்சு நிக்குது. கீழ சாம்பல் நிறத் தண்ணி, அதுல பால் கவர், தேங்கா மட்டை. யாரோ ஒரு புண்ணியவான் அதுக்குள்ள வேப்பங்கொம்பு ஒண்ணை நட்டு, நுனியில சிவப்புத் துணியைக் கட்டி வச்சிருந்தார். நாலு மாசமா எங்களைக் காப்பாத்தினது அந்தத் துணிதான். கார்காரர் அதையும் பிடுங்கி ஓரமாப் போட்டுட்டார். என் கெண்டைக்கால்ல அந்தக் கம்பி கீறின கோடு முக்கா அடிக்கு இருக்கு. டிடி ஊசி போட்டுட்டு வந்தேன்.

இதுக்காக மூணு தடவை மனு கொடுத்திருக்கேன். மூணாவது தடவை அந்த ஆபீஸ்ல மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் போட்டோவை வாங்கிப் பார்த்துட்டு சொன்னார்: "ஏன் மேடம், ஓடணும்னா பீச்சுக்குப் போக வேண்டியதுதானே? நல்லா இருக்குமே." அவர் கோபமாக்கூடச் சொல்லல. நிஜமாவே எனக்கு நல்ல வழி காட்டுறதா நினைச்சுத்தான் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கல.

எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. சொந்தக்காரங்க, ஆபீஸ்ல கூட வேலை செய்யறவங்க, பக்கத்து வீட்டு அண்ணன் எல்லாரும். புதுச்சேரின்னாலே கடற்கரைச் சாலை. சாயங்காலம் 6 மணியில இருந்து காலையில 7.30 வரைக்கும் வண்டி விடறதில்ல, நல்ல ஏற்பாடு, இல்லேங்கல. ஆனா அதோட நீளமே ஒன்றரை கிலோமீட்டர்தான். 6 கிலோமீட்டர் ஓடணும்னா அங்கயும் இங்கயுமா நாலு நடை. சனி, ஞாயிறுல வெளியூர்க் கூட்டம். அதுவும் போகட்டும். ஓடறதுக்கு முன்னாடி ஸ்கூட்டரை எடுத்து, பெட்ரோல் போட்டு, பார்க்கிங் தேடணும்னா, பசங்களுக்குச் சோறு கட்டிட்டு 8.30க்கு வேலைக்குக் கிளம்புற பொம்பளைக்கு அது எந்த ஊர் நியாயம்? வீட்டு வாசல்ல இறங்கி ஓட முடியணும். நான் கேக்கறது அவ்வளவுதான்.

நான் பந்தயத்துக்கு ஓடறவ இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி மூணு மாசச் சர்க்கரை அளவு 6.2ன்னு வந்தது. சர்க்கரை நோய்க்கு வாசப்படியில நிக்கறீங்கம்மா, மாத்திரை இப்போ வேண்டாம், நடங்க, முடிஞ்சா ஓடுங்கன்னார் டாக்டர். வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமா நடக்கணும், இல்லேன்னா 75 நிமிஷம் ஓடணும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கும் அதுதான். எங்க அப்பாவுக்குக் கால் கட்டை விரலை வெட்டி எடுத்தது சர்க்கரையாலதான். அந்தப் பயத்துலதான் ஓட ஆரம்பிச்சேன். 2023ல வந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வுல நாட்டுலயே சர்க்கரை நோய் அதிகம் கோவாவுல, 26.4 சதவீதம். அதுக்கு அடுத்தது நம்ம புதுச்சேரி, 26.3. நாலு பெரியவங்கள்ல ஒருத்தருக்கு மேல! இப்படிப்பட்ட ஊர்ல, டாக்டர் சீட்டுல எழுதிக் கொடுக்கற மருந்து "நடங்க". அந்த மருந்தைச் சாப்பிட இடம் எங்க?

என் சித்தி பொண்ணு பிரான்ஸ்ல கிரெனோபிள்ங்கற ஊர்ல இருக்கா. சித்தப்பா வழியில பிரெஞ்சு குடியுரிமை, இங்க பல வீட்டுல இருக்கற கதைதான். அவளும் என்னைப் பார்த்து ஓட ஆரம்பிச்சவ. போன மாசம் வீடியோ கால்ல, "அக்கா, இன்னைக்கு எங்க ஓடினேன் பாரு"ன்னு காட்டினா. ஊருக்கு வடக்கால ஷார்த்ரூஸ்னு ஒரு மலைக்கூட்டம், ஆல்ப்ஸ் மலையோட முன் வரிசை. 1995ல இருந்து அது வட்டார இயற்கைப் பூங்கா. பூங்கான்னா வேலி போட்டு, டிக்கெட் கிழிக்கிற பூங்கா இல்ல. உள்ளயே கிராமங்க இருக்கு, மாடு மேயுது, பாலாடைக்கட்டி செய்யறாங்க. உசந்த சிகரம் சமெஷோத், 2082 மீட்டர். அந்த மலையில ஓடறவங்களுக்குன்னே தடம் குறிச்சு வச்சிருக்காங்க. பச்சை, நீலம், சிவப்பு, கருப்புன்னு பனிச்சறுக்குப் பாதைக்குப் பிரிக்கிற மாதிரியே பிரிச்சிருக்காங்க. பச்சை புதுசா ஓடறவங்களுக்கு, கருப்பு பழகினவங்களுக்கு.

அவ போனைத் திருப்பி ஒரு பாறையைக் காட்டினா. உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் பெயிண்ட்ல ஒரு கோடு. அவ்வளவுதான். அந்தக் கோடு இருந்தா வழி சரி. குறுக்கால பெருக்கல் குறி போட்டிருந்தா அந்தப் பக்கம் போகாதே. நீளமான பாதைக்கு வெள்ளையும் சிவப்புமா ரெண்டு கோடு. எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு. அங்கயும் சிவப்பு, எங்க தெரு முனையிலயும் சிவப்பு. அங்க அது "இதுதான் வழி"ங்குது. இங்க "கால் வைக்காதே"ங்குது.

அங்க மட்டும் எல்லாம் சொர்க்கமான்னு கேப்பீங்க. இல்ல. குளிர்காலத்துல மேல பூரா பனி. கோடையில ஆட்டு மந்தைக்குக் காவலா பெரிய வெள்ளை நாய்ங்க சுத்தும், ஓடறவங்களைக் கண்டா பாஞ்சு வரும்னு அவளே பயப்படறா. ஆனா அதுக்கும் பாதையில போர்டு வச்சிருக்காங்க. ஓட்டத்தை நிறுத்து, கத்தாதே, மந்தையைச் சுத்தி விலகிப் போன்னு. இங்க 5 மணிக்கு என்னைத் துரத்துற நாய்ங்களுக்குக் கருத்தடையும் வெறிநாய் ஊசியும் போடணும்னு 2023 விதியே இருக்கு. செய்ய ஆள் வரல. கையில குச்சியோட ஓடறேன்.

ஒரு விஷயம் எனக்கு ரொம்ப உறைச்சது. பிரான்ஸ்ல 1983லேயே ஒரு சட்டம் போட்டு, மாவட்டத்துக்கு மாவட்டம் நடைபாதைப் பட்டியல் வச்சிருக்காங்க. பட்டியல்ல ஏறின கிராமத்துப் பாதையை எந்த ஊராட்சியும் இஷ்டத்துக்கு வித்துட முடியாது. வித்தா, விட்டுப் போகாம தொடர்ற மாதிரி மாத்துப் பாதை கொடுத்தே ஆகணும். பெயிண்ட் அடிக்கிறது பெரிய செலவே இல்லீங்க. பாதை பாதையாவே இருக்கணும்னு அவங்க முடிவு பண்ணியிருக்காங்க, அதுதான் வித்தியாசம்.

நம்மகிட்ட சட்டம் இல்லாமலா? 2025 மே மாசம் உச்ச நீதிமன்றமே, நடைபாதையைப் பயன்படுத்தற உரிமை அரசியலமைப்புச் சட்டத்தோட 21ஆவது பிரிவு தர்ற உரிமைக்குள்ள வருதுன்னு சொல்லிடுச்சு. உயிர் வாழற உரிமை! அந்த உரிமை மேலதான் கார் நிக்குது, டிரான்ஸ்ஃபார்மர் நிக்குது, கடை போர்டு நிக்குது, கட்டுமான ஜல்லி கொட்டிக் கெடக்குது. இட்லிக்கடை போட்டுப் பிழைக்கிற ஆயாவை நான் சொல்லல, அவங்க ஓரமா ஒதுங்கி வழி விடறாங்க. ரெண்டு காரை வாங்கிட்டு ஒண்ணை வீட்டுக்குள்ளயும் இன்னொண்ணை என் வழியிலயும் நிறுத்தறவங்களைத்தான் சொல்றேன்.

மலை இல்லாத ஊர்ல மலைப்பாதை கேக்கற பைத்தியக்காரி இல்ல நான். ஊருக்குப் பக்கத்துல இருக்கற ஊசுட்டேரிக் கரையில தார் போட்டு லைட் கட்டச் சொல்றதும் இல்ல. அது 2008ல இருந்து பறவைகள் சரணாலயம், பறவைங்களை நிம்மதியா விடணும். எனக்கு வேண்டியது வீட்டுல இருந்து கிளம்பி மூணு கிலோமீட்டர் போயிட்டு அதே வழியில திரும்பறதுக்கு உடையாத சிலாப், எரியற தெரு விளக்கு, கார் ஏறாத பிளாட்பாரம். கொஞ்சம் நிழல். தானே புயல் 2011 டிசம்பர் 30ஆம் தேதி சாய்ச்ச மரங்களுக்குப் பதிலா எங்க தெருவுல இன்னும் ஒரு கன்னு கூட வைக்கல. நிழல் இல்லாததாலதான் விடியறதுக்கு முன்னாடி, இருட்டுலயே ஓட வேண்டியிருக்கு. இருட்டுல ஓடறதாலதான் குழி தெரியல. பைக்ல மெதுவா கூடவே வந்து "அக்கா, எதுக்கு இவ்வளவு அவசரம்?"னு கேக்கறவங்களுக்கும் அந்த இருட்டுதான் தைரியம் கொடுக்குது.

காலையில குழியில இருந்து என்னைத் தூக்கி விட்டது டீக்கடைப் பெரியவர். தண்ணி கொடுத்தார், காலைக் கழுவி விட்டார். அப்புறம் வருத்தத்தோட சொன்னார்: "உனக்கு எதுக்கும்மா இந்த ஓட்டமெல்லாம்? வீட்டோட இரு." அவர் மேல எனக்குக் கோபம் இல்ல. சிலாப் உடைஞ்சா சிலாப்பை மாத்தணும்னு யாருக்கும் தோணாம, பொம்பளை வீட்டுல இருக்கணும்னு தோணுதே, அது மேலதான் என் கோபமெல்லாம்.

நாலாவது மனு எழுதி வச்சுட்டேன். குழியோட நீள அகலத்தை டேப் வச்சு அளந்து வரச் சொல்லி பையனை அனுப்பினேன். நீளம் ரெண்டேகால் அடி, அகலம் ஒன்றரை. டிடி ஊசி போட்ட சீட்டையும் சேர்த்து இணைச்சிருக்கேன். பையன் வர்றப்போ ஓரமாக் கெடந்த வேப்பங்கொம்பை எடுத்து, துணியை இறுக்கிக் கட்டி, மறுபடியும் நட்டுட்டு வந்தானாம். கார் இன்னும் அங்கயேதான் நிக்குதுன்னான்.