ஏன் ரன்வேக்குத் திரும்பலன்னு கேக்குறவங்களுக்கு

2025 நவம்பர்ல புதுக்கோட்டை பக்கம் ரோட்டுல ஒரு பயிற்சி விமானம் அவசரமா எறங்குச்சுல்ல, அந்த வீடியோ இன்னும் நம்ம குரூப்புகள்ல சுத்திக்கிட்டுதான் இருக்கு, கூடவே "ஏன் ரன்வேக்குத் திரும்பல, ஓட்டத் தெரியாதவனுக எதுக்குய்யா மேல போறீங்க"ன்னு நக்கல் வேற. அதுக்கு என்ன ஆச்சுங்கறத விசாரிக்கிறவங்க சொல்லட்டும், பறக்கும்போது இன்ஜின் நின்னா என்னாகும்னு நான் பொதுவா பேசுறேன். மண்டபத்துல போட் இன்ஜின் வேலை பாக்குறவன், உச்சிப்புளி நேவி தளத்துல இருந்து கெளம்புறதெல்லாம் நம்ம தலைக்கு மேலதான் போகும், அந்த ஆசையில கொஞ்சம் படிச்சு வச்சிருக்கேன்.

கடல்ல இன்ஜின் நின்னா நங்கூரத்தப் போட்டுட்டு வாக்கிடாக்கியில பக்கத்து போட்டக் கூப்புட்டுக்கலாம். மேல அந்தக் கதை நடக்காது. ஆனா உடனே விழுந்துரவும் செய்யாது. செஸ்னா 172 மாதிரி சின்ன விமானம் ஒரு அடி எறங்குறதுக்குள்ள கிட்டத்தட்ட 9 அடி முன்னாடி போயிரும், 3000 அடியில நின்னா சுமாரா 8 கிலோமீட்டர். மூக்கக் கீழ வச்சு வேகத்தக் காப்பாத்தணும், அவ்வளவுதான். பதறிப்போயி மூக்கத் தூக்குனா ஸ்டால் ஆகி, அதாவது றெக்கைக்குத் தூக்கிப் புடிக்கிற பலம் போயி, அப்பதான் நெசமாவே விழும்.

டேக் ஆஃப் ஆகி 400 அடியில நின்னா? அங்க வளைச்சுத் திருப்புனா இருக்குற உசரமும் போயிரும், அப்பிடித் திரும்பப் பாத்து செத்தவங்க நெறைய. நேரா முன்னாடி உள்ளதுல நல்ல எடமாப் பாத்து எறக்குன்னுதான் சொல்லிக் குடுக்குறாங்க. நம்ம கரையில எங்க எறக்குவீங்க சொல்லுங்க? பாதி எடம் சீமைக்கருவேலம், மிச்சம் பனை. உப்பளம் மேல இருந்து தட்டையாத் தெரியும், வரப்புல சக்கரம் மாட்டுனா குப்புறக் கவுத்துரும். ஈசிஆர்னா கரண்டு கம்பி. காஞ்ச கண்மாய் கெடச்சா குடுத்து வச்சவன், அதுலயும் கச்சான் காத்து எதுக்க அடிச்சா தரையில வேகம் கொறையும், வேகம் பாதியானா மோதுற பலம் கால்வாசிதான். ப்ரொப்பெல்லர் வளைஞ்சதக் காட்டி சிரிக்கிறீங்க, ஆளு நடந்து வெளிய வந்தத பாக்க மாட்டேங்குறீங்க.

திட்டணும்னா இன்ஜின் நிக்கிறதுக்கு முந்தி நடந்தத திட்டுங்க. பெட்ரோல் சரியா பாத்தாங்களா? றெக்கைக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் கப்ப வச்சு அமுக்குனா நீலக்கலர் பெட்ரோல் கொஞ்சம் எறங்கும், வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா தண்ணி இருந்தா அடியில உருண்டையா தனியா நிக்கும். டீசல் ஃபில்டர்ல நான் பாக்குறதும் அதத்தான். அப்பறம் பழைய இன்ஜின்ல பெட்ரோலையும் காத்தையும் கலக்குற கார்புரேட்டர்ல ஐஸ் புடிக்கும். நம்மூரு வெக்கையிலயான்னு சிரிக்காதீங்க, பெட்ரோல் ஆவியாகும்போது சூட்ட உறிஞ்சிரும், கடக்கரை காத்துல ஈரத்துக்கா பஞ்சம், எறங்க வர்றப்ப த்ராட்டில கொறைச்சு வச்சிருப்பாங்கல்ல அப்பதான் ரொம்ப. சூடான காத்த உள்ள விட அதுக்குன்னே ஒரு குமிழ் இருக்கு, அத இழுக்க மறந்து பவர் போச்சுன்னா கேளுங்க, நானும் கேக்குறேன்.

ஒருவேளை நம்ம பக்கம் ஒண்ணு எறங்கிருச்சுன்னா செல்ஃபி எடுக்க ஓடாதீங்கப்பா. பெட்ரோல் றெக்கைக்குள்ளதான் இருக்கும், பீடிய அணைச்சுட்டுப் போங்க. உள்ள இருக்கவங்கள இழுத்து வெளிய கொண்டாங்க, ப்ரொப்பெல்லர்ல மட்டும் யாரும் கை வைக்காதீங்க, இன்ஜினுக்குத் தீப்பொறி குடுக்குற மேக்னெட்டோ ஆஃப் ஆகலன்னா பேட்டரியே இல்லாம ஒரு சுத்து சுத்தி கையத் துண்டாக்கிரும்.