சென்ட்ரல் என்றால் யாருக்கு நடுவில்?

சென்ட்ரல் என்ற சொல்லை நாம் எந்தக் கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம். காதில் விழுந்ததுமே, எல்லாருக்கும் நடுவில், பொதுவாக இருக்கிற ஒன்று என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அந்தச் சொல் ஒட்டியிருக்கிற இடங்களைக் கவனித்தால், உண்மையிலேயே நடுவில் இருப்பவை ரொம்பக் குறைவு. அதிகாரமோ பெரிய அந்தஸ்தோ எங்கே இருக்கிறதோ அங்கேதான் அந்தப் பெயர் போய் உட்காருகிறது. இந்த இரண்டு பொருளையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ரயிலில் இருந்தே தொடங்கலாம். மதராஸின் முதல் ரயில் நிலையம் ராயபுரம், 1856. அப்புறம் 1873ல் பார்க் டவுன் பக்கம் வந்ததுதான் சென்ட்ரல். கோட்டையும் ஜார்ஜ் டவுனும்தான் பட்டணம் என்றிருந்த காலத்தில் அந்தப் பெயர் பொருந்தியிருக்கும். இன்றைக்கு நகரம் தெற்கே தாம்பரத்தையும் தாண்டிப் போய்விட்டது. சென்ட்ரல் வடகிழக்கு ஓரத்தில் நிற்கிறது. திருநெல்வேலி, தஞ்சாவூர்க்காரர்கள் பெரும்பாலும் வந்து இறங்குவது எழும்பூரிலோ தாம்பரத்திலோதான். மும்பையில் இன்னும் குழப்பம். மும்பை சென்ட்ரல் நிலையம் மேற்கு ரயில்வேயைச் சேர்ந்தது. மத்திய ரயில்வேயின் தலைமையகம் சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸில் இருக்கிறது.

சென்னை சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருந்த மத்திய சிறை 2006ல் புழலுக்குப் போனது. ஊருக்கு வெளியே போன பிறகும் அது மத்திய சிறைதான். அங்கே அந்தச் சொல் இடத்தைக் குறிக்கவில்லை, படிநிலையைக் குறிக்கிறது: கிளைச் சிறை, மாவட்டச் சிறை, அதற்கு மேலே மத்திய சிறை. சினிமா வியாபாரத்தில் பெருநகரம் ஏ சென்டர், அதற்கு அடுத்த ஊர்கள் பி சென்டர், சிற்றூர்கள் சி சென்டர். எல்லா ஊரும் சென்டர்தான், ஆனால் மேல் கீழ் உண்டு. ‘பி, சி சென்டர்ல நல்லா ஓடும்’ என்று ஒரு படத்தைப் பற்றிச் சொல்லும்போது அதில் ஒளிந்திருக்கும் இளக்காரம் எனக்கு எப்போதும் உறுத்தும். அந்த ஊர்களில் இருக்கிறவர்களும் அதே காசு கொடுத்துத்தான் படம் பார்க்கிறார்கள்.

இந்தச் சொல்லின் பூர்வீகத்தில் அதிகாரமே கிடையாது. கிரேக்கத்தில் கென்ட்ரான் என்றால் கூர்முனை, மாடு ஓட்டுகிற தார்க்குச்சி. வட்டம் போடும்போது காம்பஸின் ஒரு கால் குத்தி நிற்கிற புள்ளிக்கும் அதுவே பெயரானது. லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய் நமக்கு சென்ட்ரலாக வந்தது. அதே கிரேக்கச் சொல் வானநூலோடு சேர்ந்து சமஸ்கிருதத்துக்குள் நுழைந்து கேந்திரம் ஆனது. ஜாதகத்தில் லக்னத்தில் இருந்து எண்ணி 1, 4, 7, 10ஆம் வீடுகளைக் கேந்திரம் என்பார்கள். ஒரே கட்டத்துக்குள் நான்கு கேந்திரம்! எனக்கு ஜோதிடத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் கேந்திரம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை என்பது பிடித்திருக்கிறது.

சரி, இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? 2018 நீட் தேர்வை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டு மாணவர்கள் பலருக்கு எர்ணாகுளத்தில் எக்ஸாம் சென்டர். சிலருக்கு ராஜஸ்தானில். சென்டர் என்று சீட்டில் அச்சடித்திருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு அது எதற்கும் நடுவில் இல்லை. மகனைத் தேர்வுக்கு அழைத்துப் போன ஒரு தந்தை எர்ணாகுளத்திலேயே இறந்துபோனார். இதை என்னால் மறக்க முடியவில்லை.

2021ல் ‘மத்திய அரசு’ என்பதற்குப் பதிலாக ‘ஒன்றிய அரசு’ என்று எழுதுவது பற்றிப் பெரிய சண்டை நடந்தது. பலர் அதைப் புதிதாக உருவாக்கிய வம்பாகப் பார்த்தார்கள். அரசியல் சாசனத்தின் முதல் பிரிவே இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்றுதான் சொல்கிறது. ஏழாவது அட்டவணையில் இருப்பது ஒன்றியப் பட்டியல். யூபிஎஸ்சியின் முதல் எழுத்து யூனியன். மத்திய துறைகள், மாகாணத் துறைகள் என்று பிரித்தது வெள்ளைக்காரன் ஆட்சியில், 1919 இந்திய அரசுச் சட்டத்தின் கீழ். ‘சென்ட்ரல் கவர்ன்மென்ட்’ என்பதற்கு சட்டங்களில் வரும் பொதுவான சொற்களுக்குப் பொருள் சொல்கிற ஜெனரல் கிளாஸஸ் சட்டத்தில் இன்றும் வரையறை இருக்கிறது. ஆகவே அது சட்டப்படி பிழை என்று நான் வாதாட மாட்டேன். நான் ஒன்றியம் என்று எழுதக் காரணம் வேறு. அதைக் கேட்டால் மாநிலங்கள் சேர்ந்து உண்டான அரசு என்று புரிகிறது. மத்திய என்றால் அது ஏற்கெனவே நடுவில் இருந்த மாதிரியும், நாமெல்லாம் சுற்றி நிற்கிற மாதிரியும் ஆகிவிடுகிறது.

டெல்லியிடம் கேட்கிற கேள்வியைச் சென்னையிடமும் கேட்க வேண்டும். தலைநகர் மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது; நாகர்கோவிலுக்குச் சுமார் 700 கி.மீ. எம்.ஜி.ஆர். 80களில் தலைநகரைத் திருச்சிக்கு மாற்ற நினைத்தார், நடக்கவில்லை. ஆனால் 2004ல் உயர் நீதிமன்றத்தின் கிளை மதுரைக்கு வந்தது. தென்மாவட்டத்து மக்கள் ரிட் மனு போட இரவெல்லாம் ரயிலில் வர வேண்டிய நிலை மாறியது. அதனால் உயர் நீதிமன்றத்தின் மதிப்பு எள்ளளவும் குறையவில்லை.

உச்ச நீதிமன்றத்துக்கும் அப்படிச் செய்யலாம். பிரிவு 130ன்படி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு தலைமை நீதிபதி குறிப்பிடும் வேறு இடங்களிலும் அது அமரலாம். சாசனத் திருத்தம் தேவையில்லை. 2009ல் சட்ட ஆணையம் தன் 229ஆவது அறிக்கையில், டெல்லி, சென்னை அல்லது ஹைதராபாத், கொல்கத்தா, மும்பை என்று நான்கு மண்டல அமர்வுகளைப் பரிந்துரைத்தது. இன்னும் ஒன்றுகூட வரவில்லை. காணொலி விசாரணை இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது, நல்லதுதான். ஆனால் உச்ச நீதிமன்றத்தில் வக்கீல் மூலம் வழக்கைத் தாக்கல் செய்ய, அதற்கென்று அங்கே பதிவு பெற்ற வக்கீலான அட்வகேட் ஆன் ரெக்கார்ட் வேண்டும். அவருடைய அலுவலகம் நீதிமன்றக் கட்டடத்தில் இருந்து 16 கி.மீ. ஆரத்துக்குள் டெல்லியில் இருக்க வேண்டும் என்பது விதி. நாகர்கோவிலில் நிலத் தகராறில் சிக்கிய ஒரு விவசாயி அந்த வட்டத்துக்குள் தனக்கென்று ஒரு வக்கீலைத் தேடிக்கொண்டுதான் மேல்முறையீட்டைத் தொடங்க வேண்டும். சென்னையில் ஓர் அமர்வு வேண்டும் என்று தமிழ்நாட்டு வக்கீல்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். வழக்குப் போடுகிற நாமும் சேர்ந்து கேட்க வேண்டும்.