தப்புப் பறை அடித்தவரின் பங்கைப் பதிவுக்கு முன்பே எழுதுங்கள்

இலங்கை மலையகத்துப் பெண் டீஜேக்கள் சொந்தமாக லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், தொடங்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மேடையில் வாசித்தால் அன்றைய கூலியோடு சரி. பதிவின் உரிமை கையில் இருந்தால் அது ஆண்டுக்கணக்கில் நிற்கும். பெர்லினில் டீஜே எலன் அலியன் 1999இல் பிபிட்ச் கண்ட்ரோல் லேபிளைத் தொடங்கினார். நம்மிடமோ தப்பு என்ற தோல்பறையின் சத்தம் இருக்கிறது. அதைப் பதிந்து நம் பாட்டில் கலந்து வெளியிடலாம்.

மன்மதன், ரதி கதையை ஆடும் நம் காமன் கூத்தில் ரதி வேடத்தைக்கூட ஆண்களே கட்டி வந்தார்கள். தப்பும் அவர்கள் கையில்தான் இருந்தது. அந்தக் களத்துக்கு ஒரு பெண் மைக்கோடு போவது பெரிய விசயம். ஆனால் வேலை சுத்தமாக இருக்க வேண்டும்.

அதிகம் கெடுவது ஒலிப்பதிவில்தான். தோல் ஈரம் குடித்தால் தொய்ந்து சுருதி இறங்கும். அதனால்தான் அடிக்கும் முன் தீயில் காட்டுகிறார்கள். பொகவந்தலாவைப் பனியில் அந்தச் சூடு கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும். அரை மணி நேரம் ஒரே மூச்சாகப் பதிந்து பிறகு வெட்டி ஒட்டினால், முதல் அடியும் கடைசி அடியும் இரண்டு வேறு தப்பு மாதிரிக் கேட்கும். ஒவ்வொரு முறை சூடேற்றிய பிறகும் மூன்று நான்கு நிமிடம் மட்டும் பதியுங்கள். எந்தக் கோப்பு எத்தனையாவது சூடு என்று கோப்பின் பெயரிலேயே குறியுங்கள்.

பதிவுக் கருவியின் அமைப்பு 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ். மைக் ஒரு மீட்டராவது தள்ளி நிற்கட்டும். உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். குச்சி விழும் அந்த முதல் வெட்டு கிளிப் ஆனால், அதாவது அளவு மீறிச் சிதைந்தால், திருத்துவது பெரும்பாடு. தகரக் கூரை லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பதிவதென்றால் மழை வரும் முன் காலையிலேயே முடியுங்கள். குளிரிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவந்த மைக்கை உடனே போடாதீர்கள், உள்ளே ஈரம் படிந்திருக்கும். இருபது நிமிடம் விடுங்கள்.

கணினியில் நடக்கும் பெரிய பிழை, ஒவ்வொரு அடியையும் இழுத்து 125 பீபீஎம் (நிமிடத்துக்கு 125 அடி) தாளக் கட்டத்தில் பூட்டுவது. தப்பின் நடையே செத்துப்போகும். ஒவ்வொரு சுற்றின் தலையடியை மட்டும் கட்டத்தில் வையுங்கள், மற்றவை தம்பாட்டில் ஓடட்டும். மாஸ்டரில், அதாவது கடைசிப் பிரதியில், உச்சத்தை அமுக்கும் லிமிட்டரைப் போட்டு நசுக்காதீர்கள். ஸ்பொட்டிஃபை எப்படியும் மைனஸ் 14 லஃப்ஸ் (கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சத்தத்தைக் குறைத்துவிடும். அந்த முதல் வெட்டுத்தான் வீணாய்ப் போகும்.

இனிக் காகிதம். என் கோபம் முழுக்க இங்கேதான். "அண்ணே, சும்மா ஒருக்கா அடிங்க" என்று சொல்லிப் பதிந்துகொண்டு போய் அதை விற்பதைத் திருட்டு என்றே சொல்வேன். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நிகழ்த்துகிறவரின் உரிமையையும் நாட்டார் கலை வெளிப்பாடுகளையும் காக்கிறது. பதிவுக்கு முன்பே தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள்: அன்றைய கூலி எவ்வளவு, வருமானத்தில் எத்தனை வீதம், பெயர் எப்படி வரும். ஒலித்துண்டுகளைத் தனித் தொகுப்பாக விற்பதற்குத் தனியாகச் சம்மதம் கேளுங்கள். இரண்டு பிரதி, இருவர் கையொப்பம். அவருக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் அவர் நம்பும் ஒருவர் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டட்டும்.

காசைப் பற்றியும் தெளிவாக இருப்போம். 12 மாதத்தில் 1,000 தடவை ஓடாத பாட்டுக்கு 2024 முதல் ஸ்பொட்டிஃபை பணம் தருவதில்லை. சின்ன லேபிளுக்கு, கலைஞர்கள் நேரடியாகப் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளம்தான் தோது. 5 டொலர் டிஜிட்டல் விற்பனையில் 15 வீதம், அதாவது 75 சதம், அவர்களுக்கு. பணம் அனுப்பும் கட்டணம் வேறு. ஆனால் அந்த வருமானம் பேபால் என்ற இணையப் பணச் சேவை வழியாக வருவது. இலங்கையிலிருந்து பேபாலில் பணம் பெற முடியாத நிலை நீண்ட காலம் இருந்ததால், பலர் வெளிநாட்டு உறவினரின் கணக்கைப் பிடிக்கிறார்கள். தங்கச்சிமார் இதில் கவனம். அண்ணன், மாமா யாருடைய கணக்கானாலும் எத்தனை நாளில் பணம் உங்கள் கணக்குக்கு வரும் என்பதை எழுதி வாங்குங்கள். லேபிள் உங்கள் பெயரில், வருமானம் இன்னொருவர் பெயரில் என்றால் உரிமை எங்கே?

ஒரே பாட்டின் ரீமிக்ஸுக்கும் தனி ஐஎஸ்ஆர்சி, அதாவது ஒவ்வொரு பதிவுக்குமான அடையாள இலக்கம், வேண்டும். தப்புக் கலைஞரின் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று அவரிடமே கேட்டு, எல்லா வெளியீட்டிலும் அதே எழுத்துகளைப் போடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் ஒரே ஆள் இரண்டு கலைஞராகிவிடுவார், கணக்கும் இரண்டாகச் சிதறிவிடும்.